பங்காளிகள்

மூன்று நாளாய் வடக்குக் காற்று.
லூக்கே ஊரில் எல்லாருக்கும் தலைவலி,
நாய்களுக்கும்.
இரவுப் பணி முடித்து வருகிறேன்.
சீருடையில் டெட்டால், செருப்பில் செம்மண்.

கதவைத் திறந்தால்
எனக்கு முன்னால் மூக்கு உள்ளே போகும்.
புதினா, எலுமிச்சைப்புல்,
குழாயடி ஈரத்தில் தானாய் முளைத்த கீழாநெல்லி.
இன்று மூக்கு வாசலிலேயே நின்றுவிட்டது.

செத்ரோன் புதரைக் காணோம்.
குச்சி இருக்கிறது, இலை இல்லை.
நேற்று மாலை என் இடுப்புயரம்.
நெஞ்சு படபடக்கிறது என்று யார் வந்தாலும்
நாலு இலை கிள்ளி
ஐஸ் தண்ணீரில் நசுக்கிக் கொடுப்பேன்.
இப்போது தேய்ந்த துடைப்பம்.

சுவரோரம் குனிந்து பார்த்தேன்.
ஒரு விரற்கடை அகலத்தில்
பச்சை ஊர்ந்துகொண்டிருந்தது.
ஆளுக்கொரு துண்டு,
பாய்மரம்போல் தூக்கிப் பிடித்து,
காற்று தள்ளினால் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து,
சுனில்டாவின் வேலிக்கடியில் நுழைந்து
கோழிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு
எங்கோ.

சுனில்டா வேலிக்கு மேல் தலை நீட்டினாள்.
"வெந்நீரை ஊற்று, கொதிக்கக் கொதிக்க."
"புற்று உன் பக்கம்தானே இருக்கிறது?"
"எறும்பு உன் பக்கம்தானே மேய்கிறது?"
எட்டு வருடமாய் இப்படித்தான்
நாங்கள் நல்ல சிநேகிதிகள்.

வார்டில் என் வேலை கேள்வி கேட்பது.
"வீட்டில் என்ன குடித்தீர்கள்?"
லாரிக்காரர் ஃபிதென்சியோ
டயாலிசிஸ் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு
"தண்ணீர்" என்பார்.
நகக்கண்ணில் பச்சை இருக்கும்.
பேனாவை மூடி வைத்துக் காத்திருப்பேன்.
அரை மணியில்
வேர், பட்டை, பூ எல்லாம் வெளியே வரும்.
"எத்தனை கைப்பிடி?" என்பேன்.
எல்லாம் கைப்பிடியில் இருக்கிறது.
மீறினால் எந்த இலையும் முகத்தை மாற்றிக்கொள்ளும்.
இதைச் சொல்லும்போது என் பையில்
டாக்டர் பெனிக்னோவுக்காக ஒரு கட்டுக் கீழாநெல்லி.
அவருக்குக் கல்.
சொல்லக் கூடாது.
சொல்லிவிட்டேன்.

கெட்டில் சீறியது.
தூக்கிக்கொண்டு சுவரோரம் வந்தபோதுதான்
ஃபிதென்சியோ சொன்னது நினைவுக்கு வந்தது.
"சாக்கோவில் ஒரு தடவை
முன்சக்கரம் பொசுக்கென்று மண்ணுக்குள் இறங்கிடுச்சு.
ஜாக்கி வைத்துத் தூக்கினால் கீழே ஓர் அறை.
அறை நிறையச் சாம்பல் நிறப் பஞ்சு.
அது இலையைத் தின்கிற எறும்பு இல்லை, நர்ஸம்மா.
இலையை மென்று உரம் போட்டு
இருட்டில் காளான் வளர்க்கும்.
அதைத்தான் தின்னும், பிள்ளைக்கும் ஊட்டும்."
அன்று அவர் கால் வீங்கியிருந்தது,
பாதி கேட்டேன்.

பாதி ஊற்றினேன்.

ஊற்றிய இடத்தில் முப்பது நாற்பது
சுருண்டு கிடந்தன, இலையை விடாமல்.
பின்னால் வந்தவை
ஒரு சாண் தள்ளிப் புதுப் பாதை போட்டன.
மீதி வெந்நீரில் மாத்தே போட்டு
படியில் உட்கார்ந்து குடித்தேன்.

பூச்சி மருந்துக்கு வைத்திருக்கும் காஆரே செடியை
அவை தொடவேயில்லை.
ஒரு துண்டு வெட்டி
பாதி வழியில் போட்டுவிட்டுப் போயிருந்தன.
பிள்ளைக்கு ஆகாது என்று
யாரோ ஒருத்தி மோந்து பார்த்திருக்கிறாள்.

தூங்கி எழுந்தபோது மாலை.
வேலி இடுக்கில் ஒரு கை,
கையில் ஈரச் சாக்குத் துண்டு,
சாக்குக்குள் வேர்விட்ட செத்ரோன் கொம்பு.
"போன வருஷம் உன்னுடையதில் ஒடித்தேன்,"
சுனில்டாவின் குரல்.
"கேட்டு ஒடித்தாயா?"
"கேட்டிருந்தால் வேர்விட்டிருக்காது."

எண்ணெய் டின்னில் நட்டேன்.
டின்னைச் செங்கல் மேல் வைத்தேன்,
செங்கலைத் தண்ணீர்த் தட்டில்.
நாலு இலைதான்.
இன்றிரவு யாருக்கும் நெஞ்சு படபடக்கக் கூடாது.

வேலைக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன்.
காற்றில் விழுந்த கொய்யா இலை ஒன்று
தட்டின் விளிம்புக்கும் செங்கலுக்கும் நடுவே
பாலமாய்க் கிடந்தது.
எடுக்க வேண்டும்.
தெருமுனையில் பேருந்து ஹாரன் அடித்தது.